ஏழாம் வரிசையின் ரேகைத் தாள்

ஏழாம் வரிசையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு, எங்களை நிற்கவைத்து ஏற்றிவரும் லாரியிலேயே தொடங்கிவிட்டது. புனோம் பென்னுக்கு வெளியே தையல் ஆலை. கை மாற்றிக் கை மாற்றிச் சட்டை தைத்து முடிக்கும் எங்கள் வரிசையில் பதினெட்டுப் பெண்கள். நான் கடைசியில் நின்று இஸ்திரி போடுகிறவள்.

வரிசைத் தலைவி மாலிஸுக்கு முப்பது வயதிருக்கும். மேலாளர் ஹெங் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மணிக்கு அறுபது சட்டை வர வேண்டும், பத்து நாள் தவணை, வராவிட்டால் அத்தனை பேரும் வீட்டுக்கு. நாங்கள் நாற்பதைத் தாண்டினதே இல்லை.

எங்கே அடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலர் மெஷினில். அதில் உட்கார்ந்திருந்தவள் சந்தூ அக்கா. எங்களில் பாதிப் பேரை ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கிக் கொடுத்தவள். மூத்தவளைப் பார்த்து 'எழுந்திரு' என்று எந்த வாய் சொல்லும்?

மாலிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளோடு வந்து எங்கள் நடுவே உட்கார்ந்தாள். தனக்கு என்ன வரும், என்ன வராது என்று ஒவ்வொருத்தியும் தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் எழுதுவாள். பக்கத்தில் சிவப்பு மையில் பெருவிரல் ரேகை. எங்களுக்கு நிலம் விற்றாலும் கல்யாணம் பதிந்தாலும் ரேகைதான் பேச்சு. ரேகை வைத்துவிட்டால் தள்ளிவிட்டார்கள் என்று யாரும் முகம் வாட வேண்டாம், தானே கேட்டு மாறினதாக ஆகிவிடும்.

"நீ மொதல்ல சொல்லுடி, வண்ணி."

"எனக்குக் கை வேகம். வாயும் வேகம்."

"வாய எழுத எடம் இல்ல. வராதது?"

"லேபிள் தைக்கிறது. தூக்கம் வருதுக்கா, தலைய தச்சுப்பேன் போல."

சிரித்தோம். என் முறை வந்தபோது, நாள் முழுக்க நிற்க முழங்கால் விடுவதில்லை என்றேன். ரேகையும் வைத்தேன்.

சந்தூ அக்கா சோற்றுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள். "எனக்கு ஊசி தெரியல, தங்கச்சி. ரெண்டு வருஷமா விரலாலதான் தைக்கிறேன்."

மாலிஸ் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனாள்.

"எழுதட்டுமாக்கா?"

"எழுது. தையல் எங்க தப்பினாலும் என் விரலுக்குத் தெரியும். அதையும் சேத்து எழுது."

மறுநாள் வண்ணி காலருக்குப் போனாள். சந்தூ அக்கா, முடிந்த சட்டையைத் தடவிப் பார்த்துப் பிழை பிடிக்கும் மேசைக்கு வந்தாள். நான் உட்கார்ந்து நூல் வெட்டினேன். அவரவர் கைக்கு ஏற்ற வேலை கிடைத்ததும் வரிசை ஓட ஆரம்பித்தது, கண்ணுகளா. எட்டாம் நாள் மணிக்கு அறுபத்துமூன்று!

ஹெங் நேரில் வந்தார். "எப்படிம்மா செஞ்ச?"

மாலிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. தாளை எடுத்துக் கொடுத்தாள். "அவங்களே சொன்னது சார். எல்லாரோட ரேகையும் இருக்கு."

பத்தாம் நாள் சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார்கள். ஏழாம் வரிசையைக் கலைத்தாயிற்று. வண்ணியையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு வேறு வேறு வரிசை. சந்தூ அக்கா, நான் என்று மீதி ஏழு பேருக்குக் கணக்கு முடிந்தது.

"அறுபத்துமூணு காட்டினோமே சார்!" என்றாள் மாலிஸ்.

"காட்டினீங்க. யாரு ஓட்டினாங்கன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட. மத்த ஏழு பேரும் முடியாதுன்னு ரேகை வெச்சிருக்காங்க. நானா சொன்னேன்?"

"அப்ப என்னையும் அவங்களோட அனுப்புங்க."

"நீ எதுக்குப் போகணும்? அஞ்சாம் வரிசையையும் இதே மாதிரி எழுதிக் கொண்டா."

வாசலில் மாலிஸ் சந்தூ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒக்காந்து கேட்டவ நான்தானேக்கா."

"நானும் பொய் சொல்லலியே," என்றாள் அக்கா. லாரியில் ஏறக் கை கொடுத்தது நான்.

நீங்கள் மாலிஸைத் திட்டாதீர்கள். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் இருந்தார்கள். மறுவாரம் தாளோடு ஐந்தாம் வரிசைக்குப் போனாளாம். வண்ணி வந்து சொன்னாள். இருபது பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்களாம்: "எனக்கு எல்லாம் வரும்." கை நடுங்குகிறவளும், கர்ப்பக்காரியும், நேற்று மெஷின் தொட்டவளும். யாரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் அவள் வெறும் தாளோடு நின்றாளாம். சட்டை எண்ணிக்கை ஏறவில்லை; அந்த மாதமே ஐந்தாம் வரிசையை முழுசாக மூடிவிட்டார்கள். மாலிஸையும் சேர்த்து.