ஊர்வலம் தாண்டும் வரை

வலது கையுறைக்குள் சுண்டுவிரல் மட்டும்தான் பாக்கி. அதை வெர்டெல் பிடித்து நீட்டும்போது அப்பாவின் கை கனத்துப் போயிற்று. தூங்குகிறவர் கையின் கனம் இல்லை அது.

"அப்பா," என்றாள். "விரலை நீட்டுங்கப்பா."

கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போடச் சொன்னதே அவர்தான். வருஷா வருஷம் ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் ஊர்வலம் மில் தெரு வழியாகத்தான் தேவாலயத்துக்குப் போகும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பதாகையின் வலது கம்பைப் பிடித்து முன்னால் நடந்தவர் ஏமோஸ் டின்ஸ்லி. இடது கம்பு அவருடைய சிநேகிதர் கிளியோபஸுக்கு. முழங்கால் விட்டுப்போன பிறகு, ஏமோஸ் அதே கையுறையோடு ஜன்னலில் உட்கார்ந்து வலது கையை ஆட்டுவார்.

அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்த ஓடெசா அத்தை வந்தாள். அண்ணன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"போயிட்டான். வளையத்தை எடு, வாசல்ல மாட்டணும்."

வெள்ளை ரிப்பன் கட்டிய மலர்வளையம் அலமாரி மேல் தயாராக இருந்தது. கதவில் வளையத்தைக் கண்டால் ஊர்வலம் வாயை மூடிக்கொள்ளும். பாட்டு நிற்கும், மேளம் நிற்கும், தொப்பிகள் கழலும். காலடிச் சத்தம் மட்டும் அந்த வீட்டைத் தாண்டிப் போகும். அந்தத் தெருவில் செத்தவருக்கு அதுதான் மரியாதை.

ஏமோஸுக்கு அந்த மரியாதை ஆகாது. "அந்தக் காலத்துல போலீஸ் நம்ம மேல நாயை ஏவி விட்டப்பவே பாட்டை நிறுத்தலை. என் வாசல்ல ஊமையாப் போனீங்கன்னா எந்திரிச்சு வந்து உதைப்பேன்" என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். நேற்று மகளிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "பாட்டு நிக்கக் கூடாதும்மா," என்றார். அவ்வளவுதான்.

"ஊர்வலம் தாண்டட்டும் அத்தை. அப்புறம் மாட்டிக்கலாம்."

"பைத்தியமாடி உனக்கு? பொணத்தை உள்ள வச்சுக்கிட்டு வாசல்ல பாட்டும் கூத்துமா? நாளைக்குத் தேவாலயத்துல என் மூஞ்சில முழிப்பாங்களா?"

"அவர் கேட்டது இது ஒண்ணுதான்."

"செத்தும் என் பேச்சைக் கேக்கறானா பாரு," என்றாள் அத்தை, கட்டிலைப் பார்த்து. வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டை விரல் ரிப்பனை நீவிக்கொண்டே இருந்தது.

தூரத்தில் மேளம் கேட்டது. வெர்டெல் ஜன்னலைத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. திரும்பி, அப்பாவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு திரைச்சீலையைப் பாதி மூடினாள். கட்டில்மேல் கிடந்த இடது கையுறையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

பாட்டு தெருமுனை திரும்பி வந்தது. பதாகைக்கு மேலே கிளியோபஸின் குரல் வந்தது.

"டேய் ஏமோஸ்! இன்னும் சாகலையாடா நீ?"

'உன்னைப் புதைச்சிட்டுத்தான்டா!' என்று உள்ளேயிருந்து பதில் போகவேண்டும். அதற்குத் தெருவே சிரிக்கும். வெர்டெல் திரைக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள்.

கிளியோபஸ் நின்றார். அந்தக் கையையே பார்த்தார். இடது கை. அவர் பிடித்திருந்த கம்பு சாய்ந்தது, பதாகை நடுவில் தொய்ந்தது. பின்வரிசையில் பாட்டு தடுமாறியது. அவர் கை தொப்பிக்குப் போனது.

அத்தையின் கட்டை விரல் ரிப்பன் மேல் நின்றது.

கிளியோபஸ் தொப்பியைக் கழற்றவில்லை. காதுவரை அழுத்திக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"காலைல யாரும் சாப்பிடலையாடா? தொண்டை எங்க போச்சு? பாடுங்க! இந்த வீட்டுக்காரனுக்குக் காது மந்தம்!"

கம்பு நிமிர்ந்தது. பாட்டு எழும்பியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊர்வலத்தின் கடைசிக் குழந்தை வரைக்கும் கத்திக்கொண்டே போயிற்று.

தெரு அடங்கியதும் அத்தை வளையத்தோடு எழுந்து வெளியே போனாள். கதவில் அது உரசும் சத்தம் கேட்டது.

வெர்டெல் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் சுண்டுவிரலை மெல்ல நீட்டிக் கையுறைக்குள் நுழைத்தாள்.