ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழே ஒரு கதை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கெடுத்தேன். பழைய வீடியோ கேசட் ஒன்றை சிடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று பம்மலுக்குப் போனேன். போன இடத்தில் நடந்தது இது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘2007, மே மாதம். பம்மலைச் சூரியன் பொரித்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு’ –

வேண்டாம். மே மாதக் கதைகள் எல்லாமே இப்படித்தான் வேர்த்துக்கொண்டு தொடங்குகின்றன.

இரண்டாவது: ‘ஷபீனா தன் கம்ப்யூட்டரின் பிராசஸருக்கு, அதைச் செய்தவர்கள் சொன்னதைவிடக் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தாள்.’

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

ஏன் கொடுத்தாள்? ஷபீனா கல்யாண வீடியோ எடிட் செய்பவள். குரோம்பேட்டை ஜெயஸ்ரீ அன்று மாலை விமானத்தில் மஸ்கட்டில் இருக்கும் கணவனிடம் போகிறாள். மூன்றே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் கல்யாண டிவிடி அவள் கையில் இருக்க வேண்டும். ஷபீனா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் ஜெயஸ்ரீயின் சித்தப்பா அன்று காலை எட்டு மணிக்கு, மூன்றாவது முறையாக, ஊஞ்சல் காட்சிக்குப் பாட்டை மாற்றச் சொன்னார். மாற்றி முடித்தபோது மணி ஒன்பது. இனி முழுப் படத்தையும் கம்ப்யூட்டர் கோத்துத் தர, சாதாரண வேகத்தில் ஆறரை மணி நேரம்; அதை டிவிடியில் ஏற்ற இன்னும் அரை மணி. நான்கு ஆகிவிடும்.

[வேகம் கூட்டினால் பிராசஸர் தடுமாறும். தடுமாறாமல் இருக்க வோல்டேஜைக் கூட்ட வேண்டும். கூட்டினால் சூடாகும். அதிகமாகக் கூட்டினால் ஒரேயடியாகப் போய்விடும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்; ஷபீனா சரிபார்த்துவிட்டாள்.]

கம்பெனி வைத்தது 1.30 வோல்ட். இணையத்தில் யாரோ ‘1.45 வரை பயமில்லை’ என்று எழுதியிருந்தார். ஷபீனா 1.45 வைத்தாள்.

“எழுதினவன் எந்த ஊரு?” என்றான் அவள் கணவன் ஹனீஃபா.

“எங்கியோ வெளிநாடு. ஏன்?”

“ஸ்வெட்டர் போட்டுகினு எழுதியிருப்பான். இங்க முட்டையை வெயில்ல வெச்சா வெந்துடுது.”

“அதுக்குத்தான் ஃபேன் வெச்சிருக்கேன்.”

பெட்டியின் பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டிருந்தது. மேசை மின்விசிறி நேராக அதன் வயிற்றுக்குள் வீசியது. சூடு அறுபத்திரண்டு டிகிரி. ஷபீனாவுக்குப் பெருமை.

3

இங்கே ஒரு சந்தேகம். முதலில் எழுதிய படியில் வோல்டேஜ் ஏற்றியவன் ஹனீஃபா என்றுதான் எழுதியிருந்தேன். வழக்கமாக அப்படித்தானே எழுதுவோம்? ஷபீனா தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, “சார், அவருக்கு மௌஸைப் புடிக்கவே போன வருசம்தான் தெரியும்” என்றாள். அடித்துவிட்டேன்.

ஹனீஃபா மறைமலை நகரில், காருக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவன். அவனைக் கதையில் எதற்கு வைத்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

4

பத்தரை மணிக்குப் பருமனான இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் –

பொய். வந்தது நான்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து, சட்டை முதுகோடு ஒட்டி, வாசலில் நின்றேன்.

“வாங்க சார், உக்காருங்க. அய்யோ, இப்படி வேர்த்துக் கொட்டுதே!”

சொல்லிக்கொண்டே ஷபீனா மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். யோசிக்கவே இல்லை. விருந்தாளி வந்தால் காற்று விருந்தாளிக்குத்தான். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான். நானும் கண்ணை மூடிச் சுகமாக வாங்கிக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்குத் திரை நீலமாகி நின்றது. ஒன்றே முக்கால் மணி நேர வேலை போயிற்று.

“போச்சு!” என்றாள் ஷபீனா. மின்விசிறியைப் பார்த்தாள். என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் முயன்றாள்.

5

பிராசஸர் பிழைத்திருந்தது. மறுபடி 1.45 வைத்தால் 3.20க்கு டிவிடி. இன்னொரு முறை நின்றால் டிவிடியும் இல்லை. பிராசஸரும் இருக்குமோ என்னவோ. வீட்டில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது.

“எங்க கம்பெனி டிராயிங்ல, இதுக்கு மேல போவாதேன்னு ஒரு நம்பர் இருக்கும் ஷபீ. அந்த நம்பர்லயே மெஷினை ஓட்டுற ஆபரேட்டரை இன்னா பண்ணுவோம் தெரியுமா? டீ குடிக்க அனுப்பிட்டு, ஒரு படி இறக்கி வெச்சுடுவோம்.”

“இந்த வூட்ல நான்தான் ஆபரேட்டர். டீ எங்க?”

ஹனீஃபா எழுந்து டீ போடப் போனான். [அவனை எதற்கு வைத்தேன் என்று இப்போது தெரிந்தது.]

ஷபீனா வேகத்தைக் குறைத்து 1.36 வைத்தாள். இந்த முறை மின்விசிறியை என் பக்கமே விட்டுவிட்டு ஐந்து நிமிடம் சோதித்தாள்.

“அறுபத்தாறு. யாராவது வந்தாலும் தாங்கும். இதான் நம்ம வூட்டு லிமிட்டு.”

பதினொன்றுக்கு வேலை மறுபடி தொடங்கியது. ஒரு சிக்கல்: டிவிடி நான்கு மணிக்குத்தான் கிடைக்கும். ஜெயஸ்ரீயை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நாலேகால் வரை விமான நிலைய வாசலில் நிற்பாளாம். அதற்குமேல் நிற்க அவள் அப்பா விடமாட்டாராம்.

“நான் ரெண்டு மணிக்கு கம்பெனி பஸ்ஸைப் புடிக்கணுமே!” என்ற ஹனீஃபா என்னிடம் திரும்பினான். “சார், பைக் ஓட்டுவீங்கல்ல?”

காற்று வாங்கியவன் என்ன சொல்ல முடியும்?

6

முடிவுகள் மூன்று யோசித்தேன். டிவிடி போய்ச் சேருகிறது; ஜெயஸ்ரீ கண் கலங்குகிறாள். டிவிடி போகவில்லை, ஊஞ்சல் பாட்டை மாற்றச் சொன்ன சித்தப்பாவைக் குடும்பமே திட்டுகிறது. மூன்றாவதில் –

மணி நான்கு. தட்டு வெளியே வந்துவிட்டது. ஷபீனா டிவிடியை உறையில் போட்டு, ஹனீஃபாவின் பைக் சாவியோடு நீட்டுகிறாள்.

“எழுதினது போதும் சார், கிளம்புங்க!”

இங்கிருந்து விமான நிலையம் பத்து நிமிடம், பல்லாவரம் சிக்னல் விட்டால். அங்கே பச்சையா சிவப்பா என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் –