ஒரே பிரவுசரில் ஐந்து டேப்

மருத்துவமனை முன்பதிவுத் தளம் மூன்றாவது நாளாகப் படுத்தியது. காலையில் கூட்டம் ஏறியதும் பக்கம் திறக்காது. தளத்தை எழுதியவள் என் நாத்தனார். சிபாரிசு செய்து அவளை வேலைக்குச் சேர்த்தவள் நான். அதனால் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கு.

வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வருக்குள் வேலையாள் மாதிரி ஒரு த்ரெட் கவனிக்கும். எங்கள் சர்வரில் இருநூறு த்ரெட். இருநூறு பேர் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கும்படி யாரோ கோடில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? மூன்று விநாடி எடுக்கும் ஒரு பக்கத்தை என் பிரவுசரில் ஐந்து டேப்களில் மளமளவென்று திறந்தேன். முதலாவது மூன்று விநாடியில் வந்தது, இரண்டாவது ஆறில், ஐந்தாவது பதினைந்தில். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு.

மேனேஜரின் அறையில் வைத்தே அவளைக் கேட்டேன்.

"என் கோட்ல பூட்டு எதுவும் இல்ல அண்ணி. இன்னொரு தடவ பாருங்க."

கண்ணெதிரே தெரிவதை எத்தனை தடவை பார்ப்பது என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் சேர்ந்து நான்கு மாதம்தான், வேலை நிரந்தரமாகவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் மேனேஜர். அவள் என்னைப் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு அந்தப் பூட்டைத் தேடினேன். ஒரு மணி நேரம் தேடியும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரை அவருடைய கணினியில் நான் திறக்கும் அதே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இருவருக்கும் மூன்றே விநாடியில் வந்தது. அப்படியென்றால் வரிசை சர்வரில் இல்லை, என் பிரவுசரில். ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிரவுசரே அந்தக் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்திவிடும். பதினோரு வருடமாக இதே வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாததா? அவசரம், ஆத்திரம், வேறென்ன.

மறுபடி தளம் நின்றபோது த்ரெட்கள் என்ன செய்கின்றன என்று எடுத்துப் பார்த்தேன். இருநூறும் கோடின் ஒரே வரியில் காத்து நின்றன. குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தின் பதிலுக்காக, இத்தனை விநாடியில் வராவிட்டால் விட்டுவிடு என்ற கால வரம்பே இல்லாமல். அவளுடைய தளத்தில் அந்த ஒரு பகுதியை மட்டும் எழுதியது நான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வராந்தாவுக்குப் போய் அவளைப் போனில் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மேனேஜர்ட்ட சொல்லிட்டீங்களா அண்ணி?"

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு போன் பண்றீங்க?"