ஆட்டுத்தோலில் ஒரு கௌபாய் இசை

அறுபத்தாறாம் வருஷம் ரோம் நகரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கௌபாய் மேல்தான் விழ வேண்டும். கசாப்புக் கடைக்காரன், டிராம் கண்டக்டர், ரிட்டயரான போலீஸ்காரன், எல்லாரும் தாடி வளர்த்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். படம் எடுப்பதென்னவோ நம்மாட்கள்தான். ஆனால் அமெரிக்காக்காரன் எடுத்தது என்று நினைத்தால்தான் ஜனம் டிக்கெட் வாங்கும். அதனால் டைட்டிலில் ஒருத்தன் பேரும் சொந்தப் பேர் கிடையாது. டைரக்டர் ஜென்னாரோ நேப்பிள்ஸ் மீன் சந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவர். திரையில் அவர் ஜெர்ரி ப்ரௌன். சண்டை சொல்லிக்கொடுப்பவன் ஜிம். கேட்டீர்களா கூத்தை, குதிரைக்குக்கூட இங்கிலீஷ் பேர்.

இதெல்லாம் துல்லியோ மார்க்கூச்சிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும்தான் முதலாளி ஸ்பார்தெல்லா முன்னால் போய் நின்றான்.

"மியூசிக், பக் ஹாலிஸ். எப்படி இருக்கு? நேத்து ஷேவ் பண்ணும்போது தோணுச்சு" என்றார் முதலாளி.

"யாரு முதலாளி அது?"

"நீதான்யா!"

துல்லியோவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பன்னிரண்டு வருஷமாக அவன் ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் வேலை பார்த்தவன். பெரியவர் சிகரெட் அட்டையில் நாலு ஸ்வரம் கிறுக்கிக் கொடுப்பார்; மிச்சம் நானூறு பக்கமும் துல்லியோ எழுதுவான்; திரையில் பெரியவர் பேர் வரும். "மாப்பிள்ளை சினிமாவுல ஏதோ எழுதறார். என்னான்னு அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்" என்று மாமனார் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே அவனைக் கொன்றிருந்தார். இப்போதுதான் முதல் முதலாகத் தனியாக ஒரு படம். அதிலும் ஒரு ஹாலிஸ் வந்து உட்கார்ந்துகொண்டால்?

"முதலாளி, சம்பளத்தைக் குறைச்சுக்குங்க. பேரு மட்டும் என் பேரா இருக்கட்டும்."

"மார்க்கூச்சின்னு போட்டா மளிகைக்கடை விளம்பரம்னு நினைப்பான்யா ஜனம்." முதலாளி முரடரே தவிரக் கெட்டவர் இல்லை. "வியாழக்கிழமை ரெக்கார்டிங்குக்கு நானே வரேன். கேட்டு அசந்துட்டேன்னா உன் பேரு. இல்லைன்னா ஹாலிஸ். அப்புறம் என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது."

இனெஸிடம் வந்து சொன்னான். இனெஸ் அவன் பெண்டாட்டி. அந்தப் படத்துக்கு எடிட்டரும் அவள்தான். சதா கழுத்தில் பிலிம் துண்டுகள் மாலையாகத் தொங்கும்.

"அந்த ஆளு போன தடவை அசந்தது எப்போ தெரியுமா? இருட்டுல காருன்னு நினைச்சு எருமை மேல கை வச்சப்போ" என்றாள்.

மற்றவர்கள் கௌபாய் படத்துக்கு டிரம்பெட்டும் சீட்டியும் கிடாரும் போட்டுக் கொண்டிருந்தார்கள். துல்லியோ ஃப்ரோசினோனே பக்கத்து மலைக்காரன். அவனுக்கு வேறு மாதிரித் தோன்றியது. அமெரிக்காவில் என்ன இருக்கிறது? மலை, புழுதி, மாடு, ஒண்டியாக ஒரு ஆள். நம் மலையில் என்ன இருக்கிறது? மலை, புழுதி, ஆடு, ஒண்டியாக ஒரு ஆள். அந்த ஆள் என்ன வாசிப்பான்? ஸம்போன்யா வாசிப்பான். முழு ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, நாலு மரக்குழலைச் சொருகி, அக்குளில் அணைத்துக்கொண்டு ஊதுவார்களே, அது. கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால் ரோமுக்கு இறங்கி வந்து, தெருமுனை மாதா படத்துக்கு முன்னால் வாசித்துவிட்டுப் போவார்கள். கொள்ளைக்காரன் வரும் காட்சிக்கு அதைப் போட்டால்? நினைத்த மாத்திரத்தில் துல்லியோ சமையற்கட்டில் நின்றபடியே குதித்தான்.

வியாழக்கிழமை காலை மலையிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஸம்போன்யாக்காரன் சிஸ்தோ: ஐம்பது வயது, பீப்பாய் உடம்பு. கூட அவன் மச்சினன் க்விரீனோ: ஒல்லி, கையில் சின்னக் குழல், வாயில் ஓயாத பேச்சு. இரண்டு பேரும் கிறிஸ்துமஸுக்குப் போடும் ஆட்டுத்தோல் கோட்டோடு வந்திருந்தார்கள். அக்டோபர் வெயிலில் வேர்த்துக் கொட்டியது.

"எதுக்கு மச்சான் இந்த வேஷம்? ரேடியோப் பொட்டிக்குள்ள நம்மளைத் தெரியுமா?" என்றான் க்விரீனோ.

"கோட்டு இல்லாம வாசிச்சா மாதா மன்னிப்பா. என் ஆடு மன்னிக்காது" என்றான் சிஸ்தோ.

ஸ்டூடியோவில் முப்பது பேர் ஆர்கெஸ்ட்ரா. சிஸ்தோ ஒரு ஊது ஊதினான். வயலின்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அந்தக் குழல் எந்தப் பியானோவின் சுருதியிலும் அடங்கவில்லை. "கொஞ்சம் ஏத்திக்க முடியுமா?" என்று முதல் வயலின்காரர் கேட்டார்.

"எங்க அப்பன் செதுக்கினதுங்க. நீங்கதான் இறங்கி வரணும்" என்றான் சிஸ்தோ. முப்பது பேரும் இறங்கி வந்தார்கள். பியானோவை மூடிவிட்டார்கள்.

தான் எழுதிய மெட்டைத் துல்லியோ மச்சான்கள் இரண்டு பேருக்கும் சீட்டியடித்தே சொல்லிக்கொடுத்திருந்தான். தாளில் எழுதினால் அவர்களுக்கு அது கோழி கிளறின மண்தான். ஆனால் காதால் கேட்டதை விட மாட்டார்கள். எதிரே திரையில் ஊமைப் படம் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே துல்லியோ கையசைப்பான். கொள்ளைக்காரன் சதுக்கத்துக்குள் நடந்து வருகிறான், இசை ஏறுகிறது, ஏறுகிறது, கதாநாயகன் சுடுகிறான். சுட்ட நொடியில் சத்தம் கப்பென்று நிற்க வேண்டும். அதற்காக இனெஸ் அந்த இடத்தில் பிலிமில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தாள். வெள்ளைக்கோடு திரையின் குறுக்கே ஓடி மறைந்தால் நிறுத்து என்று அர்த்தம்.

முதல் டேக். வாசித்தார்கள் பாருங்கள்! அடிவயிற்றிலிருந்து அந்தச் சுருதி ரீங்காரமிட்டு எழும்ப, மேலே வயலின்கள் புழுதியாகக் கிளம்ப, துல்லியோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெள்ளைக்கோடு ஓடியது. கையை வெட்டி இறக்கினான். ஆர்கெஸ்ட்ரா கப்பென்று நின்றது.

ம்ம்ம்மாஆஆஅ என்றது ஸம்போன்யா.

கன்று ஈனப்போகும் பசுவின் முனகல் அது, கேட்டவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பெரியவரே, கோடு மறைஞ்சதும் நிறுத்தணும்னு சொன்னேனே!"

"வாயை எப்பவோ எடுத்துட்டேன் தம்பி. பையில இருக்கற காத்து எங்க போகும்? அது தீர்ந்தாத்தான் அடங்கும்."

துல்லியோ தலையில் கை வைத்தான். இந்த வாத்தியத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டவன். ஆனால் தெருவில் அதை யார் பாதியில் நிறுத்தினார்கள்? மாதாவுக்கு முன்னால் ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் கும்பிட்டு நகர்வார்கள். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவன் யோசித்ததே இல்லை. மலைக்காரனாகப் பிறந்து இதைக்கூட யோசிக்காத மடையன் நானாகத்தான் இருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

இரண்டாவது டேக்கில் குழல்களைக் கையால் பொத்திப் பார்த்தார்கள். மாட்டுக்குப் பதில் பூனை கத்தியது. மூன்றாவது டேக்கில் க்விரீனோ, "நான் பையைக் கட்டிப்பிடிச்சு அமுக்கிடறேன் மச்சான்" என்று பாய்ந்தான். அப்போது வந்த சத்தத்தை நாகரிகமாக எழுத முடியாது. செல்லோ வாசிக்கிற அம்மாள் சிரிப்பு தாங்காமல் வெளியே ஓடிவிட்டாள்.

மணி பன்னிரண்டரை. ஒரு மணி அடித்தால் போப்பாண்டவரே வந்து கேட்டாலும் ஆர்கெஸ்ட்ரா சாப்பிடப் போய்விடும். சாப்பிட்டுவிட்டு இன்னொரு படத்துக்கு ஓடிவிடும். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார்.

"ஆச்சா? போடு, கேப்போம்."

துல்லியோ இனெஸைத் திரும்பிப் பார்த்தான். புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற இனெஸ் கண்ணாலேயே 'நடக்கட்டும்' என்றாள். அவளுக்கு அந்தக் காட்சியில் வேறொரு தலைவலி இருந்தது. கொள்ளைக்காரனாக நடித்தவன் முதலாளியின் மச்சினன். குண்டு பட்டதும் விழுந்து தொலைக்காமல் நெஞ்சைப் பிடித்து, சுற்றி, மண்டியிட்டு, வானத்தைப் பார்த்து, பன்னிரண்டு விநாடி செத்தான். வெட்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. போட்டுப் பார்த்த நாளில் காபி கொடுக்க வந்தவர்கூடச் சிரித்தார்.

நாலாவது டேக். துல்லியோ கையைத் தூக்கினான். போனால் போகிறது என்று ஒரு துணிச்சல் வந்துவிட்டது. இசை ஏறியது. வெள்ளைக்கோடு ஓடியது. கையை வெட்டி இறக்கினான். முப்பது பேரும் நின்றார்கள்.

ஸம்போன்யா நிற்கவில்லை. ஆனால் இந்தத் தடவை மாடு கத்தவில்லை. சிஸ்தோவின் கண் திரையிலேயே இருந்தது. அங்கே ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். சிஸ்தோ வாயை எடுத்துவிட்டுக் கையால் பையை மெல்ல மெல்ல அணைத்தான். அவன் சுற்றினால் சுருதி சுற்றியது. அவன் மண்டியிட்டால் சுருதி இறங்கியது. அவன் வானத்தைப் பார்க்க, ஒரே ஒரு குழல் மட்டும் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. கொள்ளைக்காரனின் தலை மண்ணில் சாய்ந்தபோது பையில் இருந்த கடைசிக் காற்றும் போய்ச் சேர்ந்தது.

க்விரீனோகூட வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"மறுபடி போடு" என்றார் முதலாளி.

டேப்பை ஓட்டிப் படத்தோடு சேர்த்துப் போட்டார்கள். பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் மச்சினனைப் பதினேழு வருஷமா எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான்யா முதல் தடவையா அவன் மேல இரக்கம் வந்துச்சு."

"பெரியவரே, அது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்றான் துல்லியோ.

"அந்த மனுசன் செத்துக்கிட்டு இருக்கான். பாதியில விட்டுட்டு வர முடியுமா தம்பி? முதல் மூணு தடவையும் நான் உங்க வெள்ளைக்கோடு எப்ப வரும்னு பாத்தேன். இந்தத் தடவை அவனைப் பாத்தேன். அவ்வளவுதான்."

முதலாளி தொப்பியை மாட்டிக்கொண்டார். "எந்த ஹாலிஸுக்கும் இது வராது. இனெஸ், டைட்டில்ல உன் புருஷன் பேரையே போடு. துல்லியோ மார்க்கூச்சி. மளிகைக்கடைன்னு எவன் சொல்றான்னு பாத்துடறேன்."

துல்லியோ அவர் கையைப் பிடித்து ஆட்டினான், ஆட்டினான், விடவே மறந்துவிட்டான். அதற்குள் சிஸ்தோ தொண்டையைக் கனைத்தான்.

"முதலாளி, அந்த ஹாலிஸு பேரு இப்போ சும்மாதானே கிடக்கு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"எனக்குக் குடுங்களேன். எங்க ஊர்ல சிஸ்தோ ஒம்பது பேரு இருக்கான். அமெரிக்காக்காரன் ஒருத்தனும் இல்லை."

படம் மார்ச் மாதம் வெளியானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போவதாக ஏற்பாடு. மலையிலிருந்து வரும் பஸ் பஞ்சராகி மச்சான்கள் வந்து சேர்வதற்குள் பாதிப் படம் ஓடிவிட்டது. அந்தக் கால ரோமில் அதையெல்லாம் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பாதியில் நுழையலாம், முடிந்ததும் உட்கார்ந்தே இருந்து அடுத்த காட்சியில் விட்ட பாதியைப் பார்க்கலாம். ஆனால் துல்லியோவுக்கு வயிற்றெரிச்சல். டைட்டில் போய்விட்டதே! துல்லியோவும் இனெஸும் மச்சான்களும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

சதுக்கத்துக் காட்சி வந்தது. ஸம்போன்யா எழும்பியதும் தியேட்டரில் வேர்க்கடலை உடைக்கிற சத்தம் நின்றது. குண்டு வெடித்தது. ஒற்றைக் குழல் மூச்சுவிட்டு அடங்கியபோது அவர்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த தடியர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார்.

"பாத்தியா? அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான்யா. நம்மாளுக்கு இந்த மாதிரி வாசிக்க வருமா?"

சிஸ்தோ அவர் தோளைத் தட்டினான். "அண்ணே, அது என் ஆடு."

"என்னய்யா உளர்றே?"

"என் ஆட்டோட தோலுண்ணே. வாசிச்சது நான். போட்டது இதோ இவரு, மார்க்கூச்சி. ஃப்ரோசினோனேக்காரரு."

"மச்சான் சொல்றது சத்தியம்" என்று க்விரீனோ எழுந்து நின்று முழுத் தியேட்டருக்கும் விளக்க ஆரம்பித்தான். எருமைக் கதை தவிர எல்லாவற்றையும் சொன்னான். கொள்ளைக்காரன் யாருடைய மச்சினன் என்பதையும் சேர்த்தே சொன்னான்.

"அப்படின்னா டைட்டில்ல பாத்துடறேன். பொய்யா இருந்துச்சு, நாலு பேருக்கும் இருக்கு!" என்றார் தடியர். படம் முடிந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே முழுசாகப் பார்த்தவர்களும் உட்கார்ந்தே இருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் அவரும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

விளக்கணைந்தது. ஜெர்ரி ப்ரௌன் என்று வந்தது. "பொய்யி!" என்று தியேட்டரே கத்தியது. ஜிம் வந்தான். "பொய்யி!" குதிரை பேருக்கும் "பொய்யி!" தான். சிரிப்பில் கட்டடம் அதிர்ந்தது. ஸம்போன்யா, பக் ஹாலிஸ் என்று வந்தபோது, "அது நான்!" என்று சிஸ்தோ கத்த, அதற்கும் "பொய்யி!" என்றார்கள். அதற்கு விழுந்த கைதட்டல்தான் பெரிசு.

துல்லியோவுக்கு எதுவும் காதில் விழவில்லை. இனெஸின் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தது தன்னுடையது என்று தெரியும். வெள்ளை எழுத்துகள் புழுதி மலைமேல் எழும்பின. இசை: துல்லியோ மார்க்கூச்சி.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிட்ட மாதிரி, தன்னை அறியாமல் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். ஆறடி உயரம். புரொஜெக்டர் வெளிச்சம் அவன் முதுகில் அடித்து, அவன் தலையின் நிழல் போய் அவன் பேர் மேலேயே விழுந்தது.

"யோவ், உக்காருய்யா!" என்று முந்நூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "மார்க்கூச்சி பேரை மறைக்கறியே!"