மிச்சமிருந்த லத்தீன்

செல்வமேரியின் தட்டில் இருந்த நெத்திலிக் கருவாட்டை இடது கையால் அள்ளிச் சுவரைப் பார்த்து வீசினேன். ஒரு பொடி மீன் மாதா படத்துக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. பிசைந்த சோற்றுக் கையோடு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் ஏன் எறிந்தீர்கள் என்று கேட்பாள், கேட்டால் எப்படியாவது சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. அவளுக்குக் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது.

"உங்களுக்கு உப்பில்லாக் கஞ்சியக் குடுத்துட்டு, உங்க கண்ணு முன்னாடியே உக்காந்து கருவாடு திங்கிறேனே, நானெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள்.

மறுநாளிலிருந்து அடுப்படிக்குள் போய், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது அதற்குப் பிறகு எனக்கு வாசனையில்தான் தெரியும். முன்பாவது பிடுங்கி எறிய முடிந்தது. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

நான் இருதயநாதன். திருச்சி ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தவன். பேச்சுக்குப் பேர் போனவன் என்று சொன்னால் இப்போது சிரிப்பாக இருக்கும். மூட்டை குறைகிறது என்று சண்டைக்கு வரும் வியாபாரிகளை வாயாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, முகம் கழுவக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே வாயும் போய்விட்டது. மண்டைக்குள் ஒன்றும் போகவில்லை. யார் என்ன சொன்னாலும் புரிகிறது, பதில் சுடச்சுடத் தயாராகிறது, நாக்கு வரைக்கும் வருகிறது. வாயைத் திறந்தால் தமிழ் வருவதில்லை. லத்தீன் வருகிறது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏழு வயதில் பூசைக்கு உதவி செய்ய நிறுத்தினார்கள். அன்றிலிருந்து, வேலையில் சேர்ந்த பிறகும் ஷெட்டுக்குப் போகும் முன்னால், பாலக்கரைக் கோயிலில் காலைப் பூசைக்கு நான்தான் சாமியாருக்குப் பதில் சொல்வேன். பூசை முழுக்க லத்தீன்தான். அவர் சொல்ல வேண்டியது, நான் சொல்ல வேண்டியது என்று எல்லாம் தண்ணீர்பட்ட பாடம். அர்த்தம் பாதி தெரியாது. தெரிந்து சொன்ன தமிழெல்லாம் போய், தெரியாமல் உருப்போட்ட லத்தீன் நின்றுவிட்டது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "எத் கும் ஸ்பிரிதூ தூவோ" என்கிறேன், உமது ஆன்மாவோடும் இருப்பாராக என்று. முதுகு எரிகிறது என்று சொல்லப்போனால் "தேயோ கிராசியாஸ்," ஆண்டவருக்கு நன்றி. எழுதிக் காட்டச் சொல்லி ஒரு சிலேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்தும் போய்விட்டது, இடது கையில் சுழி சுழியாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு லூர்துராணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுவும் லத்தீன்தான் என்று சொல்லிவிட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து வாத்தியார் தேசிகாச்சாரி, இந்தப் பக்கம் பெரிய கடைவீதியில் வெற்றிலை மண்டி வைத்திருந்த பஷீர் அகமது. மூன்று பேருக்கும் ஒரே வியாதி. காரணம்தான் வேறு வேறு. வாத்தியார் சம்சாரம், "பூர்வ ஜன்ம கர்மா, பெருமாள் சோதிக்கிறார்," என்பாள். பஷீர் அகமதுவின் பெண்டாட்டி சாரா பீவி, புதுக் கடை திறந்த அன்று பட்ட நஸர், கண்ணேறு என்று தலையைச் சுற்றி ஓதி ஊதுவாள். எங்கள் வீட்டில் ஆண்டவர் கொடுத்த சிலுவை. அவரவர் வீட்டிலிருந்து அவரவர் சாப்பாடு வந்தது. அங்கே ஜாடி நிறைய மாவடு. இங்கே உப்புக்கண்டம். எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. சின்ன வயசு டாக்டர் ஒருவர் வருவார். மூன்று பேர் கையிலும் ஒரே பட்டையைச் சுற்றி, ஒரே ரப்பர் குமிழை அமுக்கி, ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்குவார். ரத்தக் கொதிப்பு என்றார். உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதுவும் ஆகாது, மூக்குப்பொடி கூடவே கூடாது என்றார். மாவடு ஜாடியையும் உப்புக்கண்டத்தையும் திருப்பி எடுத்துப் போகச் சொல்லி அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த டாக்டர் ஒரு நாள் நான் தனியாக இருந்த நேரத்தில் என் கட்டிலருகே நின்றார். செல்வமேரி வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். அவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவதை வாசல் வரைக்கும் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு முகமெல்லாம் இப்படிச் சிவந்து கெடக்கே. பொடனி வலிக்குதுன்னு சொல்றாங்களா? அவங்களுக்கும் ஒரு தடவ கொதிப்பு பாத்துரணும். நாளைக்கு நான் வரும்போது இருக்கச் சொல்லுங்க," என்றார்.

யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மகராசன் யோசிக்கவில்லை. நான் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினேன். மறுநாள் வேறு டாக்டர் வந்தார், பழையவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அந்தச் செய்தி அன்றிலிருந்து எனக்குள்ளேயே கிடக்கிறது.

பொடனி வலியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விழுவதற்கு முன்னால் ஒரு வருஷம் அதோடுதான் விடிந்தது. காலையில் கழுத்துக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும், காபி குடித்தால் கொஞ்சம் விடும். இப்போது செல்வமேரி அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். நெற்றிக்குச் சுக்கை இழைத்துப் பற்றுப் போடுகிறாள். பிறகு என்னைப் புரட்டி, துடைத்து, தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டுகிறாள். நான் ஆள் கனம். தூக்கும்போது அவள் கழுத்து நரம்பு புடைப்பது என் கண்ணுக்கு நேராகத் தெரியும். என் ஒரே மகள் பேட்ரிசியாவைக் கட்டிக்கொடுத்தது ஜாம்ஷெட்பூரில். உதவிக்கு வேறு ஆள் கிடையாது.

லூர்துராணி ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஏங்க்கா, உங்களுக்குந்தான் தலவலி விடவே மாட்டேங்குது. ஒரு நட டாக்டர்ட்ட காட்டுனா என்ன?"

"எனக்கென்னடி கேடு? வாதமெல்லாம் உக்காந்து உத்தியோகம் பாக்குற ஆம்பளைங்களுக்கு வர்றது. நாள் பூரா தண்ணி தூக்கிட்டு, மாவாட்டிட்டு இருக்கவளுக்கு எங்கேருந்து வரும்? பத்தியம் அவருக்குத்தான். நானும் உப்பில்லாமத் தின்னா அவர யாரு தூக்குறது?"

எனக்கு அலற வேண்டும் போல இருந்தது. அலறினேன். "மேயா குல்பா" என்று வந்தது, என் பாவமே என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு சொல்கிற வரி. லூர்துராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சைகையால் சொல்லலாமே என்பீர்கள். செய்யாமல் இருப்பேனா? ஒரு சாயங்காலம் இடது கையை நீட்டி அவள் தலையைக் காட்டினேன், திரும்பத் திரும்பக் காட்டினேன். அவள் சட்டென்று முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "ஜெபம் சொல்லணுமா? இதோ," என்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்றுவிட்டாள். எழுந்திருக்கும்போது பொடனியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாளும் காட்டினேன், அடுத்த நாளும் ஜெபமாலை. தலையைக் காட்டினால் முக்காடு என்றுதான் இந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் எடுத்துக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எரிச்சலாகத்தான் வந்தது.

இதற்கிடையில் நான் புனிதனாகிவிட்டேன். லூர்துராணியின் பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோது பிள்ளையைத் தூக்கிவந்து என் பக்கத்தில் கிடத்தினாள். பிள்ளையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்ல வாயெடுத்தேன். "தேயோ கிராசியாஸ்" வந்தது. விடிந்ததும் காய்ச்சல் விட்டுவிட்டது. அது விடுகிற காய்ச்சல்தான். ஆனால் பாலக்கரை முழுக்கச் செய்தி பரவியது. உலகப் பேச்சை எல்லாம் ஆண்டவர் எடுத்துவிட்டு, பூசைப் பேச்சை மட்டும் விட்டுவைத்திருக்கிறார் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் ஆள் நின்றது. வருகிறவர்கள் மெழுகுவத்தியோடு, ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலம் என்பதால் கறிக்குப் பதிலாகக் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாம் அடுப்படிக்குப் போனது.

செல்வமேரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. குமாஸ்தா பெண்டாட்டி என்று யாரும் திரும்பிப் பார்க்காத பெண்ணுக்கு, கோயிலில் இப்போது முன்னால் இடம் விடுகிறார்கள். "உங்களத் தூக்கித் தூக்கி எனக்குக் கை வலிக்கல, பூசைப் பாத்திரத்தத் தூக்குற மாதிரி இருக்குங்க," என்று ஒரு நாள் என் காதருகே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அவள்மேல் அளவில்லாத பிரியம். முப்பது வருஷத்தில் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியபோது "எத் கும் ஸ்பிரிதூ தூவோ" என்று சொன்னேன்.

பெரிய வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பங்குச் சாமியார் எனக்கு நற்கருணை அப்பமான நன்மை கொடுக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு அதுதான் கடைசி நம்பிக்கையாக இருந்தது. சாமியார் படித்தவர், நாலு இடம் போய் வந்தவர், அவருக்கு டாக்டர்களைத் தெரியும். அவர் கையைப் பிடித்து இழுத்துச் செல்வமேரியின் பொடனியில் வைத்துவிட்டால் போதும், புரிந்துகொள்வார். ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அவர் லத்தீனில் ஆரம்பிக்கும்போது நான் பதில் சொல்லக் கூடாது. வழக்கமான பதில் வராவிட்டால்தான், என்னவோ சொல்ல வருகிறான் என்று நின்று பார்ப்பார். இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று காலையிலேயே செல்வமேரி சரியில்லை. கஞ்சி ஊட்டும்போது கரண்டி இரண்டு தரம் அவள் கையிலிருந்து நழுவியது. "விரலெல்லாம் மரத்துப் போச்சு, ராத்திரி கைமேலயே படுத்துட்டேன் போல," என்று உதறிக்கொண்டாள். நான் விழுந்த அன்று காலையில் பொடி டப்பா என் கையிலிருந்து அப்படித்தான் விழுந்தது. வீட்டைக் கழுவி, சுக்குப் பற்றைத் துடைத்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகம் இரத்தச் சிவப்பாக இருந்தது. வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

சாமியார் வந்தார். சின்ன அறை, வாசல் வரைக்கும் ஜனம். "தோத்திரம் சாமி, தோத்திரம் சாமி," என்று வழிவிட்டார்கள். அவர் என் கட்டிலருகே நின்று, கைகளை விரித்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்பதை லத்தீனில், "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றார்.

வாயைப் பொத்தினேன். பொத்திய விரல்களுக்கு இடையில் "எத் கும் ஸ்பிரிதூ தூவோ" கொழகொழவென்று வந்துவிட்டது. தும்மலை அடக்குகிற மாதிரி அடக்கிப் பார்த்தும் நிற்கவில்லை. அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. "பாருங்க, எவ்வளவு பயபக்தி, வாயப் பொத்திக்கிட்டுச் சொல்றாரு," என்றாள் லூர்துராணி.

நன்மை கொடுத்து முடித்ததும் சாமியார் கையைப் பற்றினேன். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். அவர் தடுக்கவில்லை. செல்வமேரி பக்கத்தில்தான் நின்றாள். அவர் கையைக் கொண்டுபோய் அவள் முக்காட்டுக்குப் பின்னால், பொடனியில், அந்த இடத்திலேயே வைத்து அழுத்தினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். யோசித்தார், நன்றாகவே யோசித்தார். ஒரு விநாடி அவருக்குப் புரிந்துவிட்டது என்று நம்பினேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன கேக்குறார் தெரியுதா?" என்றார் சாமியார். "ராப்பகலா என்னப் பாத்துக்குறாளே, இவள ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு கேக்குறார். எல்லாரும் முழங்கால் போடுங்க."

செல்வமேரி என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளுக்குக் கொடுத்த ஒரே பரிசு அதுதான் என்கிற மாதிரி பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, வலது பக்கம் வாயோரத்தில் தேங்கி நின்றது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறங்கினாள். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். சாமியாரும் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். திறந்திருந்தது என் கண் மட்டும்தான். அவள் சிலுவை போட்டுக்கொள்ள வலது கையைத் தூக்கினாள். அது நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு வந்தது. இடது தோளுக்குப் போய், மறு தோளுக்கு வர வழி தெரியாமல், அங்கேயே நின்றது.