கல்யாணப் பெண்ணும் தொண்ணூற்று நான்கு டிகிரியும்

1

இந்தக் கதை ஒரு பந்தியில் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ இடம் தேடி மேடைக்குப் பின்னால் போனேன். பட்டுப்புடவையில் ஒரு மணப்பெண் தரையில் சம்மணம் போட்டு, பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டிருந்தாள். மாப்பிள்ளை அவளுடைய மாலையை ஏந்திக்கொண்டு நின்றார். கையில் சாம்பார் காயும்வரை நானும் நின்றேன். மீதியை அவள் தோழி ஜைனப் பிறகு சொன்னாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'மலையிலிருந்து இறங்கிய சாரல் ஊரின் தோளில் ஈரத் துண்டைப் போல...'

அடித்துவிட்டேன். குற்றாலம் என்று எழுதியதுமே என் பேனா குளிக்கப் போய்விடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: 'ஜைனப்புக்கு வியர்த்தது.' இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

2

ஜைனப்புக்கு வியர்த்தது. தென்காசியில் அவர்களுடைய வீடியோ ஸ்டுடியோ ஒரு தகரக் கூரை மாடியறை. அதை நடத்துபவர்கள் மூவர். படம் பிடிப்பவர் இசக்கிதுரை. பாட்டும் ஒலியும் ஜைனப். வெட்டி ஒட்டுபவள் மாரிச்செல்வி. அங்கிருக்கும் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவளும் அவள்தான். அன்றைக்குக் கல்யாணமும் அவளுக்குத்தான்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் படமாக்கியவளுக்கு ஒரு படம் வேண்டாமா? மற்ற இருவரும் அவளுக்குத் தெரியாமல் ஒன்று தயாரித்தார்கள். அச்சன்புதூருக்குப் போய் அவள் அப்பா செல்லப்பாவை வயல் வரப்பில் நிறுத்திப் பேச வைத்ததுதான் அதில் பெரிய சாதனை. மகளைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத மனிதர் அவர். மாலை வரவேற்பில் திரையிட வேண்டும்.

துண்டுகளையெல்லாம் முழுப் படமாகக் கோத்தெடுக்கும் ரெண்டரிங் மட்டும் பாக்கி. வழக்கமான வேகத்தில் விட்டால், வாழைமரத்தை அவிழ்க்கும்போதுதான் படம் தயாராகும். எனவே இசக்கிதுரை பிராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதன் இயல்பான வேகத்துக்கு மேலே விரட்டினார். அதை ஆற்றுவதற்கு இருந்தவை மின்விசிறிகள் மட்டுமே.

(இசக்கிதுரையை முதலில் கோமாளியாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் என்ன அவ்வளவு மண்டாண்ணே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் இப்போது கதையில் கவலைப்படுபவராக மட்டும் வருகிறார்.)

"தொண்ணூத்தி நாலு டிகிரி காட்டுது ஜைனப். வெடிச்சிருமோ?"

"வெடிக்காது. ஆனா வேகம் கொறையுது பாருங்க. இதுல வெவரம் தெரிஞ்சவ ஒருத்திதான்."

"அவகிட்டயே கேட்டா குட்டு ஒடஞ்சிருமே!"

"வேற வழி?"

3

குற்றாலத்து மண்டபத்தில் மாரிச்செல்வி மாலை வரவேற்புக்காகத் தலை பின்னக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது; ஜைனப்.

"ஏட்டி மாரி, சும்மா ஒரு சந்தேகம். காத்தாடிய மட்டும் வச்சு ஓவர்கிளாக் பண்ணுனா, எவ்வளவு சூடு வரைக்கும் போலாம்?"

மறுமுனையில் வளையல் குலுங்கியது.

"கல்யாணப் பொண்ணுகிட்ட கேக்குத கேள்வியாட்டி இது?"

"கஸ்டமர் ஒருத்தரு கேக்காரு."

"அவருக்கு இப்ப எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தி நாலு."

"அது சிப்புக்குள்ள இருக்க எல்லாக் கோருக்கும் சராசரியா? இல்ல, இருக்கதுலயே சூடான கோரா?"

ஜைனப் திரையைப் பார்த்தாள். "சராசரி."

"அப்ப சூடான கோரு இன்னும் மேல நிக்கும். அதத்தான் பாக்கணும். நம்ம சிப்புக்கு நூறுதான் எல்லை. அதத் தொட்டா உடனே கருகிராது, தானா வேகத்தக் கொறச்சுத் தப்பிச்சுக்கிடும். வேகம் கொறஞ்சா நீ ஓவர்கிளாக் பண்ணி என்ன புண்ணியம்? லேசா ஏறி எறங்குனா பரவால்ல. மணிக்கணக்கா அங்கனயே நிக்க விடக் கூடாது. நான்னா எம்பத்தஞ்சத் தாண்ட விடமாட்டேன். ரூம் எப்படி, வெக்கையா?"

"தகரம் கொதிக்கி."

"காத்துல ஆறுத மெசினு, ரூம் காத்த விடக் குளுந்து போவாது. ரூம்ல அஞ்சு கொறஞ்சா, அதுலயும் ஏறத்தாழ அஞ்சு கொறையும். இங்கன சாரல் அடிக்கி, குளுகுளுன்னு இருக்கு. கஸ்டமர இங்கன கூட்டிட்டு வாயேன்."

போனை வைத்த பிறகுதான் ஜைனப்புக்கு உறைத்தது. 'நம்ம சிப்பு' என்றாளே!

4

ஆட்டோவில் கம்ப்யூட்டர் இசக்கிதுரையின் மடியில் வந்தது. சாரல் படாமல் இருக்க மழைக்கோட்டு அதற்குத்தான், அவர் நனைந்தார். மேடைக்குப் பின்னால், ஜன்னல் காற்று வரும், தூறல் வராத மூலையில் வைத்தார்கள். முடிந்த துண்டுகள் பத்திரமாக இருந்தன. மீதி ஓடத் தொடங்கியது. சூடு தொண்ணூறுக்குக் கீழே இறங்கியது. இருவரும் கைகுலுக்கினார்கள். பிறகு மெல்ல மறுபடியும் ஏறியது.

"தள்ளு."

மாரிச்செல்வி வந்து நின்றாள். பின்னாலேயே மாப்பிள்ளை விஜய்பாண்டி. அவள் மாலையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, திரையில் படம் ஓடும் பாதியை இடது கையால் மறைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணையும் பாக்கல. சூட்ட மட்டும்தான் பாக்கேன்."

முகம் ஒற்றும் டிஷ்யூத் தாளைக் காத்தாடியருகே பிடித்தாள். தாள் உள்ளேயும் இழுபடவில்லை, வெளியேயும் பறக்கவில்லை. குழம்பிப்போய் நடுங்கியது.

"தொடச்சிட்டு இதத் திருப்பி மாட்டுனது யாரு? ரெண்டு காத்தாடியும் ஒண்ண ஒண்ணு எதுத்து ஊதுது!"

"நாந்தான் தங்கச்சி," என்றார் இசக்கிதுரை.

(மன்னிக்கவும் இசக்கிதுரை. இதை மாற்ற முடியவில்லை.)

மருதாணிக் கையால் கம்பிக் கொக்கியைத் தளர்த்தி, காத்தாடியைத் திருப்பி மாட்டினாள். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாள். "வேகத்த விட இதுதான் சூட்ட ஏத்தும்." எண்பத்திரண்டில் வந்து நின்றது. ஏறவில்லை.

"பொண்ணு எங்கே?" என்று மேடையில் யாரோ கத்தினார்கள். விஜய்பாண்டி மாலையை அவள் கழுத்தில் போட்டார். "இன்னிக்கு ரெண்டாவது தடவையா போடுதேன்," என்றார். அவள் சிரித்தபடி ஓடினாள்.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கடைசி நேரத்தில் மின்சாரம் போகிறது. இன்னொன்றில் சிப் கருகிவிடுகிறது; எல்லோரும் மௌனமாக வாழ்க்கையின்...

கிழித்துப் போட்டேன். நல்லபடியாக நடந்ததை அழவைத்தால்தான் இலக்கியம் என்று யார் சொன்னது? படம் முடிந்தது. நேரத்துக்குள் முடிந்தது. ஜைனப் பின்னால் தனியாக ஓர் ஆட்டமே போட்டாள்.

6

விளக்கை அணைத்தார்கள். ஒரே ஒரு குறை: அவசரத்தில் ஒலி, படத்துக்கு ஒரு மூச்சு பிந்தி வந்தது. திரையில் ஒருவர் தும்மி முடித்து மூக்கைத் துடைக்கும்போது தும்மல் கேட்டது. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. யாருக்கும் குறையாகவே படவில்லை.

பிறகு வயல் வந்தது. வரப்பில் செல்லப்பா, துவைத்த சட்டையில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். முன்வரிசையில் இருந்த நிஜச் செல்லப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திரையில் அவர் வாய் திறந்து அசைந்தது. குரல் இன்னும் வந்து சேரவில்லை. மண்டபமே அதற்காகக் காத்திருந்தது.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பலவிதமாக எழுதியும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் என்னைப் போலவே பேசினார். அதனால் அந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டிலும் லேசில் வாய் திறக்காத ஒருவர் இருப்பார். அவர் குரலில் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு மாரிச்செல்வி கண்மை கரையச் சிரித்தாள். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

செல்லப்பா சொன்னது: "ஏட்டி மாரி,