நவாபு பிடித்த நோன்பு

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் அஹமது பாட்சாவின் ஜவுளிக் கடைக்குள் நுழைந்தால், கண்ணில் முதலில் படுவது வெள்ளை விரிப்புத்தான். நான்கு பஞ்சு மெத்தைகளை நெருக்கிப் போட்டு, மேலே சலவை வேட்டி விரித்து, திருப்பாற்கடல் வீட்டுக்குள் வந்து படுத்தாற்போல் வைத்திருப்பார். புடவை எடுப்போர் அதில்தான் அமர வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ரமலான் நோன்பு பாதியை எட்டிய ஒரு திங்கட்கிழமை, திருப்புலிவனத்து ஆண்டாளம்மாள் மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தாள், அக்கடலில் அமர்ந்தாள், அமர்ந்த மாத்திரத்தில் எழுந்தாள்.

"இன்னா பாய், ஈரமா கீது?"

கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த திரையின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள் ஷாஜாதி. மற்ற நாளாக இருந்தால் அவள் கணவர், "பன்னீர் தெளிச்சோம்மா, கல்யாண ராசி" என்று சமாளித்திருப்பார். நோன்பு வாயால் பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"பூனை பண்ண வேலைம்மா" என்றார்.

ஆண்டாளம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே எதிர்க்கடைக்குப் படியேறிவிட்டாள்.

விரிப்பின் ஓரத்தில் மஞ்சள் மேனியும் மதர்த்த முகமுமாக வீற்றிருந்தது நவாபு. மூன்று வயதுக் கடுவன் பூனை. பெண்மக்கள் மூவரையும் கட்டிக்கொடுத்த பிறகு ஷாஜாதியின் மடிக்கு மிஞ்சிய பிள்ளை அதுதான். புறக்கடையில் மணல் நிரப்பிய இரும்புச் சட்டியைத் தவிர வேறிடம் நாடாத ஒழுக்கசீலன், ஐந்து நாளாக இப்படி மாறிப் போயிருந்தது.

"நாலு வாட்டி பினாயில் போட்டு கழுவியாச்சு" என்று திரையை விலக்கி வந்தார் பாட்சா. "எல்லப்பன் வெள்ளிக்கெழம மாகறலுக்கு வண்டி ஓட்டிக்கினு போறான். அதுக்குள்ள இவன் திருந்தலன்னா, செய்யாத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வரச் சொல்லிட்டேன்."

"ஏங்க, கொழந்தைங்க அது..."

"நோன்பு வெச்ச வாயால சொல்லிட்டேன், ஷாஜாதி. மாத்த மாட்டேன்."

மாற்ற மாட்டார் என்பது முப்பது வருஷம் உடன் வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? அன்று மாலைவரை பூனையைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள். நவாபு மணற்சட்டியில் ஏறியது, குந்தியது, ஈனக்குரலில் அழுதது, ஒன்றும் வராமல், சுட்டதுபோல் துள்ளி இறங்கிற்று. பிறகு குளிர்ந்த சிமெண்டுத் தரையில் இரண்டே சொட்டு விட்டது. குனிந்து பார்த்தாள். மாதுளை நீர்போல் இளஞ்சிவப்பு. கொழுப்பெடுத்து ஆடுகிறது என்று எல்லாரும் திட்டிய பிள்ளை நோயில் கிடக்கிறது!

மறுநாள் காலை ஒயர்க் கூடையில் நவாபை வைத்து, மேலே துண்டைக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே உதவியாளர் பீட்டர் நோட்டைப் புரட்டினார்.

"மாடு கீது, ஆடு கீது, கோயி கூட கீது. பூனைக்கு பக்கமே இல்லியேம்மா!"

"நீ கன்னுக்குட்டின்னே எய்திக்கோ நைனா. ஊசி போட்டா போதும்."

பீட்டர் கன்றைக் கட்டும் கயிற்றோடு நெருங்கினார். நவாபு ஒரே அறை விட்டது. அவர் மூன்றடி பின்வாங்கி விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"பீட்டர், கயிறை வைங்க. இது என்ன காங்கேயம் காளையா?" என்று சிரித்தபடி வந்தார் டாக்டர் கனகா. துண்டால் பூனையைக் கழுத்துவரை சுற்றிப் பொட்டலமாக்கி, அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். "நல்லவேளை, அடைப்பு இல்ல. கடுவனுக்கு அடைச்சிருந்தா இந்நேரம் உயிரே போயிருக்கும். மூத்திரப்பை புண்ணாயிருக்கு. சட்டியில குந்தறப்பல்லாம் வலிக்குது. சட்டிதான் வலிக்க வைக்குதுன்னு நினைச்சுக்கிட்டு மெத்துனு வேற இடம் தேடுது. என்ன சாப்பாடு?"

"நெத்திலிக் கருவாடும் சோறும்."

"தண்ணி?"

ஷாஜாதியின் முகம் மலர்ந்தது. "எங்க நவாபும் நோன்பு புடிக்கிறான் டாக்டரம்மா! விடியறதுக்கு முன்னால சஹர்ல எங்ககூட துன்னுவான். அப்பால நாங்க நோன்பு தொறக்கறப்பதான். பகல்ல ஒரு சொட்டு தொட மாட்டான். தெருவே அதிசயமா பேசிக்கினு கீது."

டாக்டர் அவளையே பார்த்தார். "தொட மாட்டானா? இல்ல, தொடறதுக்குத் தண்ணியே இல்லியா?"

ஷாஜாதி வீட்டை நினைத்துப் பார்த்தாள். பகலில் அடுப்பு எரியாததால் அடுக்களைக் கதவு சாத்தியே கிடக்கும். குடங்களுக்கெல்லாம் தட்டு மூடி. கழுவ ஏனம் விழாததால் புறக்கடை வாய்க்காலும் உலர்ந்து வெடித்திருந்தது. உப்புக் கருவாட்டைத் தின்றுவிட்டு, மாசி வெயிலில், அந்த வாயில்லாச் சீவன் வீடெல்லாம் நீர் தேடி அலைந்திருக்கிறது. அவளோ அதை ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்திருக்கிறாள்.

"எங்களுக்கும் லெந்து நாளு, உபவாசம்தாம்மா" என்றார் பீட்டர், விரலை ஊதிக்கொண்டே. "ஆட்டுக்கு தழை போட்டுக்கினுதான் கீறோம்."

அழுகையும் சிரிப்பும் ஒருசேர வந்தன அவளுக்கு. டாக்டர் ஊசி போட்டார். புதனும் வியாழனும் வரச் சொன்னார். கருவாடு ஆகாது, உப்பில்லாமல் வேகவைத்த மீனைச் சாறோடு கொடுக்க வேண்டும், மூன்று நான்கு இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும், மணலை முழுக்க மாற்ற வேண்டும். "பினாயில் வேண்டவே வேண்டாம். அது பட்ட காலை நக்கினா பூனைக்கு விஷம். அது நனைச்ச துணியை சோப்புத் தண்ணியில அலசி வெயில்ல போடுங்க, பழைய வாடை சுத்தமா போகணும். முக்கியமா, அடிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். பாட்சா தாமே எழுந்து போய் மண்சட்டியில் குளிர்ந்த நீர் மொண்டுவந்து வைத்தார். உச்சிவேளை. தம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நவாபு சளப் சளப்பென்று நக்கிக் குடிப்பதை எதிரே குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத தாகத்துல போட்டுட்டு நாம இன்னா நோன்பு புடிச்சோம்?"

ஷாஜாதி மெல்லக் கேட்டாள். "அப்ப எல்லப்பன்கிட்ட வாணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கெழமக்குள்ள திருந்தட்டும்" என்றார். குரலில் மட்டும் பழைய கடுமை இல்லை.

மூன்று நாளும் ஏரிக் கெண்டை வெந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பாட்சா வந்து அமர்ந்ததும், வாசலில் எல்லப்பனின் மாட்டுவண்டி வந்து நின்றது. சாக்கும் கையுமாக அவன் படியேறுகையில் நவாபு எழுந்து சோம்பல் முறித்தது. நேரே வெள்ளை விரிப்புக்கு வந்தது, மோந்தது, ஒருமுறை வட்டமிட்டது.

"யா அல்லா!" என்று திரையைப் பற்றிக்கொண்டாள் ஷாஜாதி. பாட்சா கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைக்க மறந்தார்.

நவாபு திரும்பியது. திரைக்கடியில் நுழைந்து, கூடம் கடந்து, புறக்கடைக்குப் போயிற்று. ஷாஜாதி பின்னாலேயே ஓடினாள். சட்டியில் ஏறிப் பள்ளம் பறித்து, முனிவரைப்போல் கண்ணை மூடி அது அமர்ந்தது. ஓசையின்றி, வலியின்றி, நெடுநேரம் அமர்ந்திருந்தது. பின்பு மணலைத் தள்ளிப் பக்குவமாய் மூடியது.

"ஏங்க! ஓடி வாங்க!"

பாட்சா வந்தார். பிறை பார்க்கிற பரவசத்தோடு இருவரும் அந்த ஈர மணலைக் குனிந்து பார்த்தார்கள். பின்னால் எல்லப்பனும் எட்டிப் பார்த்தான்.

"இதுல இன்னா பாய் பாக்கிறீங்க?"

"மாஷா அல்லா!" என்றார் பாட்சா.

"அப்ப சாக்கு காலியாத்தான் போவணுமா?"

"போறப்ப காலியா போ. வர்றப்ப செய்யாத்து மணலா பாத்து, நல்லா சலிச்சு, ரொப்பிக்கினு வா. கல்லு கில்லு இருந்தா எங்க நவாபுக்குக் கால் குத்தும்."